ஒரு பதிவேடு இரண்டானது: வணிக வலையமைப்புகளில் டிஎன்எஸ் பாதுகாப்பும் ஐபி முகவரி மேலாண்மையும், 1971–2024

முன்னுரை

ஒவ்வொரு நிறுவனத்தின் வலையமைப்பிலும் இரண்டு பதிவேடுகள் ஓய்வின்றி எழுதப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. எந்தப் பெயருக்கு எந்த எண் என்று சொல்வது ஒன்று, அது டிஎன்எஸ். எந்த எண் எந்தக் கருவியிடம் எப்போது இருந்தது என்று சொல்வது இன்னொன்று. அது ஐபி முகவரி மேலாண்மை. ஊழியர் ஒருவர் காலையில் மடிக்கணினியைத் திறந்து கணக்கு மென்பொருளுக்குள் நுழைவதற்குள் இந்த இரண்டு ஏடுகளும் பலமுறை புரட்டப்பட்டுவிடுகின்றன.

டிஎன்எஸ் பாதுகாப்பின் வரலாறு வழக்கமாகக் குறியாக்கத்தின் வரலாறாகவே சொல்லப்படுகிறது: கையொப்பம் இல்லாத காலம், கையொப்பம் வந்த காலம், மறைகுறியாக்கம் வந்த காலம் என்று. அந்த வரிசை சரிதான். ஆனால் வணிக வலையமைப்புகளைப் பாதித்த தாக்குதல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவற்றில் பல இந்த இரண்டு பதிவேடுகளும் ஒன்றையொன்று சரிபார்க்காத இடத்தில் நடந்தவை என்பது தெரியவரும். 1971 முதல் 2024 வரையிலான வளர்ச்சியை இக்கட்டுரை அந்தக் கோணத்தில் பின்தொடர்கிறது. ஒரே பட்டியலாக இருந்தவை ஏன் பிரிந்தன, பிரிந்ததால் என்ன நேர்ந்தது, மீண்டும் இணைக்க என்னென்ன செய்யப்பட்டது என்ற மூன்று கேள்விகளை அது எழுப்புகிறது. இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் எண்ணிட்ட ஆவணங்களான ஆர்எஃப்சிகளும், பொதுவெளியில் பதிவான நிகழ்வுகளும் இதற்கு ஆதாரங்கள்.

1. ஒரே பட்டியல்

இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் தொடங்கிய புதிதில் ஒவ்வொரு தளமும் மற்றக் கணினிகளுக்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டது. இதை ஒழுங்குபடுத்த 1971 செப்டம்பரில் பெகி கார்ப் 226ஆம் ஆர்எஃப்சியை எழுதினார். பின்னர் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்குள் இயங்கிய வலையமைப்புத் தகவல் மையம், எல்லாருக்கும் பொதுவான ஒரே கோப்பைப் பராமரிக்கத் தொடங்கியது. புதுக் கணினியைச் சேர்க்க வேண்டுமென்றால் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான அந்த மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் சேர்த்ததை மற்றத் தளங்கள் அவ்வப்போது நகலெடுத்துக்கொண்டன.

அந்தக் கோப்பில் பெயரும் எண்ணும் ஒரே வரியில் இருந்தன. இரண்டையும் எழுதிய கை ஒன்றுதான். ஒரு பெயர் தவறான எண்ணைக் காட்டினால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பமில்லை. அந்த ஏற்பாட்டின் நம்பகத்தன்மைக்கு நெறிமுறை எதுவும் காரணமில்லை. பதிவுசெய்பவர் ஒருவராக இருந்ததே காரணம்.

1983 ஜனவரி 1 அன்று அர்பாநெட் டிசிபி/ஐபிக்கு மாறியது. 1981இன் 791ஆம் ஆர்எஃப்சி வகுத்தபடி ஒவ்வொரு முகவரியும் 32 இருமங்கள் கொண்டது. மொத்தம் 429 கோடியே சொச்சம் முகவரிகள். கணினிகள் பெருகப் பெருக, கோப்பைப் பரிமாறும் சுமை கணினிகளின் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்ந்தது. கோப்பு நீளமானதும் அதை எடுக்க வருவோர் பெருகியதும் ஒரே நேரத்தில் நடந்ததுதான் காரணம். ஒரே மையம் இந்தப் பணியைத் தாங்க முடியாது என்பது தெளிவானது.

2. பிரிவு

தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்திலிருந்த பால் மொக்கபெட்ரிஸ் 1983 நவம்பரில் 882, 883ஆம் ஆர்எஃப்சிகளில் டிஎன்எஸ்ஸை முன்வைத்தார். 1987 நவம்பரில் வெளியான 1034உம் 1035உம் அதைச் செம்மைப்படுத்தின. இன்றைய டிஎன்எஸ்ஸின் அடித்தளம் இன்றும் அவையே. அவற்றின் மையக் கருத்து அதிகாரப் பகிர்வு. பெயர் மரத்தின் உச்சியிலுள்ள வேர் சர்வர் முழு விடையையும் தராது; அடுத்து யாரைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயருக்குக் கீழே உள்ளதைத் தானே எழுதிக்கொள்ளும். கிடைத்த விடையை ரிசால்வர், அதாவது கணினிகளுக்காகப் பெயரைத் தேடித்தரும் சர்வர், குறிப்பிட்ட காலத்துக்குத் தன் கேச்சில் வைத்திருக்கும்.

இந்த வடிவமைப்பு உலகளவில் தாக்குப்பிடித்தது. ஆனால் அதில் இரண்டு அம்சங்கள் பின்னாளின் சிக்கல்களுக்கு வித்திட்டன. முதலாவது, வரும் விடை உண்மையானவரிடமிருந்து வந்ததா என்று உறுதிசெய்ய 16 இரும அடையாள எண் ஒன்றுதான் இருந்தது. சாத்தியமான மதிப்புகள் 65,536 மட்டுமே. இரண்டாவது, அதிகம் பேசப்படாதது: பெயரிலிருந்து எண்ணைத் தேட ஒரு மரமும், எண்ணிலிருந்து பெயரைத் தேட வேறொரு மரமும் வைக்கப்பட்டன. முன்னதைப் பெயரின் உரிமையாளர் எழுதுகிறார். பின்னதை எண் தொகுதியின் உரிமையாளர் எழுதுகிறார். இருவரும் சொல்வது ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் நெறிமுறையில் எங்கும் இல்லை. பெர்க்லியில் நான்கு பட்டதாரி மாணவர்கள் எழுதிய பைண்ட் மென்பொருள் வழியாக இந்த அமைப்பு உலகெங்கும் பரவியது. நிறுவனங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன.

3. முதல் எச்சரிக்கைகள்

ஏடிஅண்ட்டி பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஸ்டீவன் பெல்லோவின் 1990இல் இந்தப் பிளவின் ஆபத்தைக் கண்டறிந்து ஓர் ஆய்வுரை எழுதினார். அப்போது யூனிக்ஸ் கணினிகள் பலவும், நம்பகமான கணினிகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, அந்தப் பெயரில் வருபவரைக் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விட்டன. வருவதோ ஓர் எண். அந்த எண்ணுக்கு உரிய பெயரைக் கணினி தலைகீழ் மரத்தில் தேடியது. அந்த மரத்தின் அந்தக் கிளை தாக்குபவரின் கையில் இருந்தால், தன் எண்ணுக்கு அடுத்த நிறுவனத்தின் நம்பகமான கணினிப் பெயரை அவரே எழுதிக்கொள்ளலாம். கிடைத்த பெயரை மறுபடியும் நேர் மரத்தில் தேடிச் சரிபார்த்தால் இதைத் தடுக்கலாம். ஆனால் ரிசால்வரின் கேச்சில் பொய்யை நுழைத்துவிட்டால் அந்தச் சரிபார்ப்பும் வீணாகும். உடனடித் தீர்வு இல்லாததால் ஆய்வுரையைப் பெல்லோவின் 1995 வரை வெளியிடவில்லை.

1997 ஜூலையில் இந்த ஆபத்து உலகறிய நிகழ்ந்தது. ஆல்டர்நிக் என்ற மாற்றுப் பதிவகத்தை நடத்திய யூஜின் கஷ்புரெஃப், அப்போது டொமைன் பதிவுகளைக் கையாண்ட இன்டர்நிக்கின் தளத்துக்குச் செல்ல முயன்றவர்களைத் தன் தளத்துக்குத் திருப்பினார். கேட்ட கேள்விக்கு விடை தரும்போது, கேட்காத வேறொரு பெயருக்கும் சேர்த்து விடை அனுப்பினால் பல ரிசால்வர்கள் அதையும் நம்பிச் சேமித்துக்கொண்டன என்பதே அவர் பயன்படுத்திய பலவீனம். பின்னர் அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தன் அதிகார எல்லைக்கு வெளியே உள்ள பெயரைப் பற்றி ஒரு சர்வர் சொல்வதை ஏற்கக் கூடாது என்ற விதி அதன்பின் ரிசால்வர்களில் உறுதியானது.

டிஎன்எஸ்செக் எனப்படும் கையொப்ப முறையின் முதல் வடிவம் அதே 1997 ஜனவரியில் 2065ஆம் ஆர்எஃப்சியாகவும், திருத்திய வடிவம் 1999 மார்ச்சில் 2535ஆம் ஆர்எஃப்சியாகவும் வந்தன. ஆனால் மேல் மண்டலத்துக்கும் கீழ் மண்டலத்துக்கும் இடையே சாவிகளை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. அதைச் சரிசெய்து 2005 மார்ச்சில் 4033, 4034, 4035ஆம் ஆர்எஃப்சிகள் வரும்வரை டிஎன்எஸ்செக் பெரும்பாலும் ஏட்டளவிலேயே இருந்தது.

4. எண்கள் குறைந்தபோது

அதே 1990களில் எண் பதிவேட்டின் பக்கம் வேறொரு நெருக்கடி முற்றியது. முகவரிகள் சுமார் 1.68 கோடி, 65,536, 256 என்ற மூன்று அளவுத் தொகுதிகளாக மட்டுமே வழங்கப்பட்டன. 256 போதாத நிறுவனம் 65,536ஐக் கேட்டது. 1993 செப்டம்பரில் 1518, 1519ஆம் ஆர்எஃப்சிகள் இந்த நிலையான வகுப்புகளை நீக்கி, தேவையான அளவில் தொகுதிகளைப் பிரிக்க வழிசெய்தன. அதே ஆண்டு அக்டோபரில் டிஎச்சிபி வந்தது. கணினிகளுக்கு நிலையான எண் வைப்பதற்குப் பதிலாக, குறிப்பிட்ட காலக் குத்தகைக்கு எண் தரும் முறை அது. 1994இல் நாட் எனப்படும் முகவரி மாற்றமும், 1996 பிப்ரவரியில் 1918ஆம் ஆர்எஃப்சியும் வந்தன. 10.0.0.0, 172.16.0.0, 192.168.0.0 எனத் தொடங்கும் மூன்று தனியார் தொகுதிகளை யார் வேண்டுமானாலும் உள்ளே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அது அனுமதித்தது.

இந்த ஏற்பாடுகள் இணையத்துக்கு மேலும் இருபது ஆண்டு ஆயுள் தந்தன. அதற்கான விலையை நிறுவனங்களின் பதிவேடு கொடுத்தது. முன்பு உலகில் ஓர் எண் ஓரிடத்தில்தான் இருக்கும். இப்போது 192.168.1.10 ஆயிரமாயிரம் அலுவலகங்களில் ஒரே நேரத்தில் இருக்கிறது. இரண்டு நிறுவனங்கள் இணையும்போது இரு பக்கத்திலும் அதே எண்கள் மோதுகின்றன. முன்பு ஓர் எண் ஒரு கணினியுடையதாக இருந்தது. இப்போது காலையில் ஒருவரிடமும் மாலையில் வேறொருவரிடமும் இருக்கிறது. அந்த மாற்றங்களை எழுதிவைக்கும் பொதுப் பதிவகம் எதுவும் கிடையாது. ரைப் என்சிசி (1992), ஏப்னிக் (1993), ஆரின் (1997) போன்ற வட்டாரப் பதிவகங்கள் நிறுவனத்தின் வாசல் வரையிலான எண்களைத்தான் பதிந்தன. உள்ளே நடப்பதை நிறுவனமே எழுத வேண்டும். பல இடங்களில் அது எக்ஸெல் தாளாகவே இருந்தது.

நிறுவனத்துக்குள் டிஎன்எஸ், டிஎச்சிபி, முகவரிப் பதிவேடு மூன்றையும் சேர்த்து நிர்வகிக்கும் கருவிகள் 1990களின் பிற்பகுதியில் உருவானது இந்தத் தேவையால்தான். 1999இல் தொடங்கிய இன்ஃபோபிளாக்ஸ் அந்த வரிசையில் நிலைபெற்றது. பின்னாளில் விண்டோஸ் சர்வர் 2012 முகவரி மேலாண்மைக் கருவியைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. 2016இல் டிஜிட்டல்ஓஷன் வெளியிட்ட நெட்பாக்ஸ் திறமூல மென்பொருளாகப் பரவியது.

எண்களின் மதிப்பும் மாறியது. உலக அளவில் முகவரிகளை ஒதுக்கும் ஐயானாவின் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. அதே ஆண்டு, ஏற்கெனவே திவாலாகியிருந்த நார்டெல் நிறுவனத்தின் 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. முகவரி ஒன்றுக்குச் சுமார் 11 டாலர். அதுவரை எக்ஸெல் தாளின் ஒரு வரியாக இருந்த எண், அன்று முதல் நிறுவனத்தின் சொத்துக் கணக்கில் இடம்பெறத் தகுந்ததாயிற்று.

5. 2008ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு

டான் கமின்ஸ்கி 2008இல் கண்டறிந்த பலவீனம் டிஎன்எஸ் பாதுகாப்பின் திருப்புமுனை. அதன் இயக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரு வங்கியின் இணையதளப் பெயருக்கான விடையை ரிசால்வர் ஒரு நாள் முழுவதும் கேச்சில் வைத்திருந்தால், அந்த நாளில் போலி விடையை நுழைக்க வாய்ப்பில்லை என்றே அதுவரை கருதப்பட்டது. கமின்ஸ்கியின் முறை அந்தப் பெயரைக் கேட்கவே இல்லை. அதே வங்கியின் கீழே இல்லாத ஒரு பெயரைக் கேட்கிறது, பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. எதுவும் கேச்சில் இருக்காது என்பதால் ஒவ்வொரு கேள்வியும் ஒரு புதுப் போட்டி. உண்மையான விடை வருவதற்குள் 65,536 அடையாள எண்களில் சரியானதை ஊகித்த போலி விடை ஒன்று முந்திவிட்டால் போதும். அந்தப் போலி விடை, ‘எனக்குத் தெரியாது, வங்கியின் சர்வரைக் கேளுங்கள், அதன் எண் இது’ என்று சொல்லி, வங்கியின் பெயர் முழுவதையும் தாக்குபவரின் எண்ணோடு கட்டிவிடும். சொல்லப்படும் பெயர் அதே வங்கியின் கீழே இருப்பதால் எல்லைச் சரிபார்ப்பும் அதை அனுமதித்துவிடும்.

2008 மார்ச் 31 அன்று மைக்ரோசாஃப்டின் ரெட்மண்ட் வளாகத்தில் பதினாறு நிபுணர்கள் ரகசியமாகக் கூடினார்கள். ஜூலை 8 அன்று பல நிறுவனங்கள் ஒரே நேரத்தில் திருத்தங்களை வெளியிட்டன. கேள்வியை அனுப்பும் போர்ட் எண்ணையும் ஒவ்வொரு முறையும் கணிக்க முடியாதபடி மாற்றுவதே திருத்தம். டேனியல் பெர்ன்ஸ்டைன் தன் டிஎன்எஸ் மென்பொருளில் ஏற்கெனவே செய்துவந்த வேலைதான் அது. இதனால் ஊகிக்க வேண்டிய சாத்தியங்கள் பல ஆயிரம் மடங்கு பெருகின.

வணிக வலையமைப்புகளில் இந்தத் திருத்தம் எதிர்பாராத இடத்தில் தோற்றது. ரிசால்வர் தற்செயலாகத் தேர்ந்த போர்ட் எண்ணை, வழியிலிருந்த சில ஃபயர்வால்களும் நாட் கருவிகளும் மாற்றி, வரிசையாகவே வெளியே அனுப்பின. எண்களைச் சிக்கனப்படுத்த வந்த கருவி, பெயர்களைக் காக்க வந்த திருத்தத்தைச் செல்லாததாக்கியது. பெயர்ப் பிரிவில் செய்யும் திருத்தம் எண் பிரிவையும் சேர்த்துச் சோதிக்காமல் முழுமை பெறாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

6. கையொப்பமும் அதன் எல்லையும்

கமின்ஸ்கியின் கண்டுபிடிப்பு டிஎன்எஸ்செக்கை விரைவுபடுத்தியது. வேர் மண்டலத்தின் முதல் சாவிச் சடங்கு 2010 ஜூன் 16 அன்று வர்ஜீனியாவின் கல்பெப்பரில் நடந்தது. பல நாடுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட நம்பிக்கைக்குரிய பிரதிநிதிகள் முன்னிலையில், ஒளிப்பதிவின் கீழ், பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் இருக்கும் கருவியில் சாவி உருவாக்கப்பட்டது. ஜூலை 15 அன்று வேர் மண்டலம் கையொப்பம் பெற்றது. .காம் 2011 மார்ச்சில் பின்தொடர்ந்தது. வேரின் முதன்மைச் சாவி முதன்முறையாக மாற்றப்பட்டது 2018 அக்டோபர் 11 அன்றுதான். 2017இலேயே நடக்கவிருந்த அந்த மாற்றம், புதுச் சாவியை ஏற்க ரிசால்வர்கள் சில தயாராக இல்லை என்ற ஐயத்தால் ஓராண்டு தள்ளிப்போனது.

கையொப்பம் வழியில் நடக்கும் திருத்தலைக் கண்டுபிடிக்கும். பதிவேட்டின் மூலத்திலேயே பொய் எழுதப்பட்டால், அந்தப் பொய்க்கும் முறையான கையொப்பம் கிடைத்துவிடும். 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸின் டொமைன், அதைப் பதிவுசெய்து கொடுத்த நிறுவனத்தின் வழியாகக் கைமாற்றப்பட்டது. 2016 அக்டோபரில் பிரேசில் வங்கி ஒன்றின் 36 டொமைன்களும் சில மணி நேரம் தாக்கியவர்கள் வசம் சென்றதைக் காஸ்பர்ஸ்கை ஆய்வாளர்கள் பின்னர் விவரித்தார்கள். 2019 ஜனவரி 22 அன்று அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா, அரசு முகமைகளுக்கு அவசர உத்தரவு 19-01ஐ அனுப்பியது. டிஎன்எஸ் பதிவுகளைத் தணிக்கை செய்யுங்கள், நிர்வாகக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றுங்கள், இரட்டைச் சரிபார்ப்பைச் சேருங்கள், வெளியாகும் சான்றிதழ்களைக் கண்காணியுங்கள் என்றது அது. நான்கும் ஏட்டைப் பராமரிக்கும் வேலைகள். குறியாக்கம் அவற்றின் இடத்தை நிரப்ப முடியாது.

7. அலுவலகத்தின் உள்ளே

2000 பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000, தன் ஆக்டிவ் டைரக்டரியை டிஎன்எஸ் மீது கட்டியது. 1997இன் 2136ஆம் ஆர்எஃப்சி வகுத்த முறைப்படி, கணினிகள் தம் பெயரையும் எண்ணையும் தாமே டிஎன்எஸ்ஸில் எழுதிக்கொள்ளத் தொடங்கின. உள்நுழையும் கணினி எந்த சர்வரை நாட வேண்டும் என்பதையும் டிஎன்எஸ்ஸே சொன்னது. அதுவரை வசதிக்காக இருந்த பெயர்ப் பதிவேடு, நிறுவனத்தின் அடையாள அமைப்புக்கே அடித்தளமானது. 2020 ஜூலையில் செக் பாயின்ட் ஆய்வாளர்கள் விண்டோஸ் டிஎன்எஸ் சர்வரில் 17 ஆண்டுகளாக இருந்த சிக்ரெட் என்ற பலவீனத்தை வெளிப்படுத்தியபோது அதற்குத் தீவிரத்தின் உச்ச மதிப்பான 10 கொடுக்கப்பட்டது. பல நிறுவனங்களில் அந்த சர்வர் வீழ்ந்தால் முழு டைரக்டரியும் வீழும்.

இந்தத் தானியங்கி எழுத்து ஒரு காலக் கணக்கைச் சிக்கலாக்கியது. விண்டோஸ் டிஎச்சிபியின் இயல்பான குத்தகை 8 நாள். டிஎன்எஸ்ஸில் பழைய பதிவு நீக்கத் தகுதியாகும் இயல்பான காலம் ஏழும் ஏழுமாக 14 நாள்; அதுவும் நீக்கும் வசதியை நிர்வாகி தனியாக இயக்கியிருந்தால்தான். ஓர் எண்ணின் குத்தகை முடிந்து அது வேறொருவருக்குப் போன பிறகும், பழையவரின் பெயர் அதே எண்ணைச் சுட்டிக்கொண்டிருக்கலாம். விசாரணையில் இது பெரிய இடர். உதாரணமாக, 10.20.4.117 என்ற எண்ணிலிருந்து பிற்பகல் 2:32க்கு ஆபத்தான தளம் ஒன்றுக்குத் தொடர்பு சென்றதாக ஃபயர்வால் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். டிஎன்எஸ்ஸைக் கேட்டால் கணக்குப் பிரிவின் கணினி என்கிறது. டிஎச்சிபி குத்தகைப் பதிவோ அன்று நண்பகலிலிருந்து அந்த எண் விருந்தினர் ஒருவரின் மடிக்கணினியிடம் இருந்ததாகச் சொல்கிறது. குத்தகைப் பதிவு அழிந்திருந்தால் தவறான மேசைக்கே விசாரணை செல்லும்.

தமிழ்நாட்டில் நிலம் வாங்கிய எவருக்கும் இது புரியும். பத்திரம் பதிவுத் துறையில், பட்டா வருவாய்த் துறையில். பத்திரம் ஒருவர் பெயரில் இருக்க, பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே தொடர்ந்தால், அந்த இடைவெளிதான் மோசடிக்கு இடமாகிறது. மேகச் சேவைகள் வந்த பிறகு டிஎன்எஸ்ஸில் நடப்பதும் அதுவே. ஒரு விற்பனைத் திட்டத்துக்காக நிறுவனம் மேகத்தில் ஒரு சர்வரை எடுக்கிறது. தன் டொமைனின் கீழ் ஒரு பெயரை அந்த எண்ணுக்குச் சுட்டுகிறது. திட்டம் முடிந்ததும் சர்வரை விட்டுவிடுகிறது. பெயர் மட்டும் நின்றுவிடுகிறது. விடப்பட்ட எண் பிறகு வேறொருவருக்குப் போகிறது. அவர் அந்த நிறுவனத்தின் பெயரிலேயே தளம் நடத்தவும் சான்றிதழ் பெறவும் முடிகிறது. டிஎன்எஸ்செக் கையொப்பம் இதைக் கண்டுகொள்ளாது. பதிவு முறையானது, காலாவதியானது மட்டுமே.

உள்பெயர்கள் வெளியே கசிந்த கதையும் இதே வகை. தொடக்க கால ஆக்டிவ் டைரக்டரியின் எடுத்துக்காட்டுகளில் ‘கார்ப்’ என்ற பெயர் இருந்ததால் பல நிறுவனங்கள் அதையே உள்பெயராக வைத்தன. மடிக்கணினி அலுவலகத்துக்கு வெளியே சென்றபோது அந்தப் பெயருக்கான தேடல்கள் பொது இணையத்துக்குப் போயின. உலகின் டொமைன் பெயர் அமைப்பை நிர்வகிக்கும் ஐகான் 2018இல் .கார்ப், .ஹோம், .மெயில் ஆகியவற்றை யாருக்கும் வழங்குவதைக் காலவரையின்றி நிறுத்தியது. கார்ப்.காம் என்ற டொமைனை 2020இல் மைக்ரோசாஃப்டே வாங்கியது. தனியார் எண்களுக்கு 1996இல் கிடைத்த ஒதுக்கீட்டுக்கு இணையாக, தனியார் பெயர்களுக்கென்று .இன்டர்னல் ஒதுக்கப்பட்டது 2024 ஜூலையில்தான். எண்ணுக்கும் பெயருக்கும் இடையே 28 ஆண்டு இடைவெளி.

8. பெயர்த் தேடலே சாட்சியானபோது

2008 நவம்பரில் பரவிய கான்ஃபிக்கர் புழு நாளொன்றுக்கு 250 டொமைன் பெயர்களைத் தானே உருவாக்கித் தன் தலைமையைத் தேடியது. பின்னர் வந்த வடிவம் 50,000 பெயர்களை உருவாக்கியது. தீங்கு மென்பொருளும் டிஎன்எஸ்ஸைக் கேட்டாக வேண்டும் என்பது தெளிவானதும், தேடல்களைப் பதிந்து ஆராய்வது பாதுகாப்பின் மையமானது. 2010இல் பால் விக்ஸியும் வெர்னன் ஷ்ரைவரும் வடிவமைத்த ஆர்பிசெட் முறை, தீய பெயர்களுக்கு ரிசால்வரே விடை மறுக்க வழிசெய்தது.

ரிசால்வரையே மாற்றிவிடுவது எதிர்த்தரப்பின் உத்தி. 2011 நவம்பரில் எஃப்பிஐ முடக்கிய டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீங்கு மென்பொருள் சுமார் 40 லட்சம் கணினிகளைப் பாதித்திருந்தது. அந்தக் குடும்பத்தின் சில வடிவங்கள் அலுவலக வலையமைப்பில் போலி டிஎச்சிபி சர்வராக இயங்கி, அருகிலிருந்த கணினிகளுக்கும் தவறான ரிசால்வரைக் கொடுத்தன. எண்ணைக் கொடுப்பவரே பெயர் கேட்கும் இடத்தையும் சொல்கிறார் என்பதால், டிஎச்சிபியைக் காக்காமல் டிஎன்எஸ்ஸைக் காக்க முடியாது.

2020 டிசம்பரில் வெளிப்பட்ட சன்பர்ஸ்ட் என்ற தீங்கு மென்பொருள் பெயர்த் தேடலையும் முகவரித் தொகுதிகளையும் சேர்த்தே பயன்படுத்தியது. சோலார்விண்ட்ஸ் ஓரியன் என்ற வலையமைப்பு மேலாண்மை மென்பொருளின் புதுப்பிப்பில் அது ஒளிந்திருந்தது. பாதிக்கப்பட்ட நிறுவனத்தின் உள்டொமைன் பெயரைக் குறியீடாக்கி, தன் டொமைனுக்கு முன்னால் ஒட்டித் தேடல் அனுப்பியது. திரும்பி வந்த ஐபி முகவரி எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று பார்த்து அடுத்த செயலைத் தீர்மானித்தது. தனியார் தொகுதி முகவரி வந்தால் தன் இயக்கத்தை நிறுத்திக்கொண்டது. அந்த விதியைப் படித்தறிந்த ஃபயர்ஐ, மைக்ரோசாஃப்ட், கோடாடி ஆகியவை அந்த டொமைனைக் கைப்பற்றி, நிறுத்தும் முகவரியையே விடையாகத் தரச் செய்து பல இடங்களில் அதை முடக்கின.

9. மறைவும் கண்காணிப்பும்

அமெரிக்க உளவுத்துறையின் கண்காணிப்பை அம்பலப்படுத்தி 2013இல் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களுக்குப் பின், எங்கும் நிறைந்த கண்காணிப்பைத் தாக்குதலாகவே கருத வேண்டும் என்று 2014இன் 7258ஆம் ஆர்எஃப்சி அறிவித்தது. தேடல்களை மறைகுறியாக்கும் இரு முறைகள் 2016இலும் 2018இலும் வந்தன. தனிமனிதருக்கு இது தேவையான கவசம். நிறுவனப் பாதுகாப்புக் குழுவுக்கோ முந்தைய பத்தாண்டில் கட்டிய கண்காணிப்பு மறைந்துபோகும் நிலை. ஃபயர்ஃபாக்ஸ் 2020 பிப்ரவரியில் அமெரிக்காவில் இதை இயல்பாக்கியபோது, நிறுவன வலையமைப்புகள் மறுப்புச் சொல்வதற்கென்றே ஒரு சோதனைப் பெயரை ஏற்படுத்தியது. 2023 நவம்பரில் வந்த 9463ஆம் ஆர்எஃப்சி இதற்கு நிலையான வழி காட்டியது: எண்ணைத் தரும் டிஎச்சிபியும் ரவுட்டர் அறிவிப்பும், மறைகுறியாக்கிய ரிசால்வரையும் அதன் பெயரோடு அறிவிக்கலாம். இரு பதிவேடுகளையும் நெறிமுறை அளவில் இணைக்கும் முயற்சி இது.

எதிர்த்திசையில் இழுப்பது புதிய தலைமுறை முகவரி முறையான ஐபிவி6. 128 இரும முகவரியைக் கணினி தானே உருவாக்கிக்கொள்ளலாம். 2001இன் 3041ஆம் ஆர்எஃப்சிப்படி தனியுரிமைக்காக அதை அடிக்கடி மாற்றவும் செய்யலாம். டிஎச்சிபி வழியாக ஐபிவி6 முகவரி பெறும் முறையை ஆண்ட்ராய்டு நெடுங்காலம் ஏற்கவே இல்லை. குத்தகைப் பதிவு இல்லாத இடத்தில், ரவுட்டரின் அண்டைக் கணினிப் பட்டியலைத் தொடர்ந்து சேமிப்பதே ஏடு.

10. இந்தியச் சூழல்

2012 முதல் இந்திய நிறுவனங்கள், இந்திய இணையப் பரிமாற்ற அமைப்பான நிக்சியின் கீழ் இயங்கும் இரின் என்ற தேசிய முகவரிப் பதிவகம் வழியாக நாட்டுக்குள்ளேயே முகவரிகளைப் பெறலாம். 2022 ஏப்ரல் 28 அன்று அரசின் கணினிப் பாதுகாப்பு முகமையான செர்ட்-இன் வெளியிட்ட ஆணைகள் பதிவேட்டின் ஒழுங்கைச் சட்டக் கடமையாக்கின. பாதுகாப்பு நிகழ்வை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கடிகாரங்களை நிர்ணயித்த நேர சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும். மூன்றாவது சிறியதாகத் தோன்றலாம். டிஎன்எஸ் பதிவும் டிஎச்சிபி பதிவும் வேறுவேறு நேரம் காட்டினால், இரண்டு ஏடுகளும் கையில் இருந்தும் அவற்றைப் பொருத்திப் படிக்க முடியாது. கோவையில் ஒரு நூற்பாலையோ சென்னையில் ஒரு மருத்துவமனையோ ஆறு மணி நேரத்துக்குள் தெளிவான அறிக்கை தர வேண்டுமென்றால், பாதிக்கப்பட்ட எண் யாருடையது என்று கண்டுபிடிப்பதிலேயே அந்த நேரம் கரைந்துவிடக் கூடாது.

முடிவுரை

இந்த ஐம்பதாண்டு வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளை எடுக்கலாம்.

முதலாவது, பெயரும் எண்ணும் பிரிந்தது தவிர்க்க முடியாதது. ஒரே மையத்தின் ஒரே கோப்பு இன்றைய இணையத்தைத் தாங்கியிருக்காது. குறை பிரித்ததில் இல்லை. பிரித்தபோது ஒத்திசைவுக்கான பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்காததில் இருக்கிறது.

இரண்டாவது, கையொப்பமும் மறைகுறியாக்கமும் பதிவு வரும் வழியைக் காக்கின்றன. பதிவு இன்றும் உண்மையா என்ற கேள்விக்கு அவை விடை தருவதில்லை. பெல்லோவின் கண்ட தலைகீழ் மரத் தாக்குதலும், கைவிட்ட மேக முகவரியைச் சுட்டும் பெயரும் முப்பது ஆண்டு இடைவெளியில் வந்த ஒரே பிழை.

மூன்றாவது, நிறுவனங்களில் டிஎன்எஸ் ஒரு குழுவிடமும் முகவரிகள் ஒரு குழுவிடமும் மேகச் சேவை இன்னொரு குழுவிடமும் இருக்கும் ஏற்பாடு தொழில்நுட்பத் தேவையால் வந்ததன்று. வேலைப் பகிர்வின் பழக்கத்தால் வந்தது. அதை மாற்றுவது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

ஆகவே பாதுகாப்புக்கு நிதி ஒதுக்கும் நிறுவனம், புதுக் கருவி வாங்குவதற்கு முன் ஒரு வேலையைச் செய்ய வேண்டும். டிஎன்எஸ்ஸில் உள்ள ஒவ்வொரு பெயரும் சுட்டும் எண், முகவரி ஏட்டில் யார் பொறுப்பில் இருக்கிறது என்று வரிவரியாக ஒப்பிட வேண்டும். பொறுப்பாளர் இல்லாத பெயரை நீக்க வேண்டும். பெயரில்லாத எண்ணை விசாரிக்க வேண்டும். ஒரு சர்வரை விடும்போது அதன் பெயரையும் அதே உத்தரவில் நீக்க வேண்டும். டொமைன் பதிவுக் கணக்கைத் தனிமனிதரின் மின்னஞ்சலோடு கட்டாமல், இரட்டைச் சரிபார்ப்புடன் நிறுவனத்தின் பெயரில் வைக்க வேண்டும். குத்தகைப் பதிவுகளையும் தேடல் பதிவுகளையும் ஒரே கடிகாரத்தில், ஒரே காலத்துக்குச் சேமிக்க வேண்டும். இவை எதற்கும் புதிய ஆர்எஃப்சி தேவையில்லை. டிஎன்எஸ்செக்கையும் மறைகுறியாக்கத்தையும் இதன் மேல் கட்டினால் அவை தம் முழுப் பயனைத் தரும். இது இல்லாமல் கட்டினால், காலாவதியான பதிவுகளையே அவை பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.